நடையும் வேண்டும், பாதமும் வேண்டும்



நீரிழிவு உடையவர் நாள்தோறும் நடக்க வேண்டும் என்கிறார் வைத்தியர். பாதத்தில் புண் வராமல் காத்துக்கொள்ள வேண்டும் என்பவரும் அவரே. புண்ணுக்கு அஞ்சி உட்கார்ந்துவிட்டால் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரைக்கு அஞ்சி நடந்தாலோ பாதம் தேய்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே வழி உண்டா?

தில்லியில் என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர் காலைதோறும் லோதி தோட்டத்தில் ஒரு மணி நேரம் நடப்பார். ஒரு நாள் வீடு திரும்பிக் காலுறையைக் கழற்றினார். அது இரத்தத்தில் நனைந்திருந்தது. பாதரட்சைக்குள் ஒரு சிறு கல். அதன்மேலேயே அத்தனை நேரமும் நடந்திருக்கிறார், வலி தெரியவில்லை. புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. ஆறிய பின்னும் அச்சத்தினால் நடையை விட்டார், சர்க்கரை மிகுந்தது.

வலி நமக்குப் பகையன்று, காவற்காரன். நெடுநாள் நீரிழிவு அந்தக் காவற்காரனை உறங்கச் செய்துவிடுகிறது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது, தொழுநோயாளரின் பாதங்களில் இவ்வுண்மையைக் கண்டார். உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடம் மீண்டும் மீண்டும் அழுத்தப்படுவதால் புண் உண்டாகிறது. பின்னர் இவ்வறிவு நீரிழிவு நோயாளருக்கும் பயன்பட்டது.

உணர்ச்சி குறைந்தவர் நடையைத் தவிர்க்க வேண்டும் என்பது பழைய அறிவுரை. புண் இல்லாதவர், அபாயம் மிகாதவர், தக்க பாதரட்சை அணிந்து, அன்றாட நடையில் ஆயிரம் காலடி வரை கூட்டலாம் என்பது இன்றைய சர்வதேச வழிகாட்டுதல். ஆனால் படிப்படியாகக் கூட்ட வேண்டும். வாரமெல்லாம் நாற்காலியில் இருந்துவிட்டு ஞாயிறன்று மட்டும் நெடுந்தொலைவு நடப்பது தகாது.

வலி செய்த காவலை இனிக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். பாதரட்சையை அணியுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நோக்குங்கள். குனிய இயலாதவருக்குக் கண்ணாடி உண்டு. வீட்டார் கண்ணும் உண்டு. சிவப்போ, கொப்புளமோ, ஒரு பாதத்தில் மட்டும் மிகுந்த சூடோ தென்பட்டால் நடையை நிறுத்தி வைத்தியரிடம் செல்லுங்கள். புண் இருக்குமானால் அதன்மேல் நடத்தல் ஆகாது. அது ஆறும்வரை அமர்ந்தபடி செய்யும் கைப்பயிற்சி போதும்.

தலைநகர் வாழ்வில் வேறு இரண்டு ஆபத்துகள் உண்டு. மே மாதத்து நண்பகலில் மலை மந்திரின் காய்ந்த கல்தளத்தில் வெறுங்காலுடன் சுற்றுவது ஒன்று. விடியற்காலையில் செல்லுங்கள், காலுறை அணிந்து செல்லுங்கள். முருகன் கோபிக்க மாட்டான். ஜனவரிக் குளிரில் ஹீட்டரருகே பாதத்தை நீட்டுவது மற்றொன்று. சூடு தெரியாத பாதம் வெந்துபோவதும் தெரியாது.

ஆண்டுக்கொரு முறையேனும் வைத்தியரிடம் பாதத்தைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையொன்றால் பாதத்தைத் தொட்டே உணர்ச்சி இருக்கிறதா என்று அவர் அறிந்துவிடுவார்.

என் நண்பர் இப்போது மறுபடியும் லோதி தோட்டத்தில் நடக்கிறார். புறப்படுமுன் பாதரட்சையைத் தட்டும் ஓசை கேட்டால்தான் அவர் மனைவிக்கு நிம்மதி.