ஆராய்ச்சிக்கு அனுமதி தருவது யார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க, இருபது நிமிஷம் போதும்" என்றார் செயலாளர். வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவனுக்குத் தெரிந்தது வட்டிக் கணக்கு. அதை விட்டுவிடுவோம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவில், உறுப்பினராக இருக்கிறேன். "நீங்க டாக்டர் இல்லையே, அங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்று என் சம்பந்தியே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் நீட்டி உங்களிடம் சொல்கிறேன்.

நம் நாட்டில் ஒரு புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்க வேண்டுமானால் இரண்டு கதவுகள் திறக்க வேண்டும். ஒன்று டெல்லியில், இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அலுவலகம். மற்றொன்று ஆய்வு நடக்கும் இடத்துக்கான நெறிமுறைக் குழு. இதற்கு மேல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய கிளினிகல் ட்ரயல் பதிவேட்டில் ஆய்வைப் பதிந்துவிட வேண்டும். 2007-இல் தொடங்கிய அந்தப் பதிவேடு, மருந்துச் சோதனைகளுக்கு 2009 ஜூன் முதல் கட்டாயம். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். சரியாக வராத ஆய்வைச் சத்தமில்லாமல் புதைத்துவிடக் கூடாது அல்லவா!

இந்த ஏற்பாடெல்லாம் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும். ஏழைக்கு எங்கே படுக்கை கிடைக்கும்? வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகாதா என்று பார்த்தார்கள். சென்னையின் நெரிசலான வீடுகளில் வாழ்ந்த 193 நோயாளிகளில் ஒரு பாதியை வீட்டிலும் மறு பாதியைச் சானடோரியத்திலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வந்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலன் தந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. உலகமே காசநோய்க்கு வைத்தியம் செய்யும் முறை அதற்குப் பின் மாறியது. ஆராய்ச்சி என்றாலே ஏமாற்று வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

ஆனால் அன்று நெறிமுறைக் குழு என்ற பேச்சே இங்கு இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு இப்படிக் குழுக்கள் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொள்கை அறிக்கை வெளியிட்டது 1980-இல்தான். டாக்டரின் நல்ல மனசை மட்டும் நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டஸ்கிகீ சாட்சி. 1932 முதல் 1972 வரை கறுப்பின ஏழைகளின் மேகநோயைக் குணப்படுத்தாமல், பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல், வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுவரை உள்ள சுமார் 24,000 பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று நடந்தது. இதைக் கிளினிகல் ட்ரயல் என்று சொல்லவில்லை. செயல்விளக்கத் திட்டம் என்றார்கள். பெயர் மாறினால் விதியும் மாறிவிடும், பார்த்தீர்களா? ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது விசாரணைக் குழு. அந்தத் தடுப்பூசி நல்லது. உங்கள் வீட்டுப் பெண் குழந்தைகளுக்குத் தயங்காமல் போடுங்கள். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. ஆந்திரத்தில் 9,543 சம்மதப் படிவங்களைப் பார்த்ததில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தது தாயோ தகப்பனோ அல்ல, விடுதிக் காப்பாளர்! 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் பதிவு செய்த கணக்கு இது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் ஐயா, அவர்கள். நாமும் விடுதியில் இருந்தவர்கள்தானே? சுற்றுலாவுக்குப் போகவே அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்வார் நம் வார்டன்.

இதற்கிடையே மருந்துச் சோதனைகள் பற்றி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. 2013-இல் விதிகள் இறுகின. சோதனையால் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு உண்டு என்றும், நெறிமுறைக் குழுக்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும் என்றும் வந்தது. பிறகு 2019 மார்ச்சில் எல்லாவற்றையும் சேர்த்துப் புதிய விதிகள். அவற்றில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. இந்தியாவிலேயே கண்டுபிடித்து இங்கேயே தயாரிக்கும் மருந்தென்றால், 30 வேலை நாளுக்குள் டெல்லியிலிருந்து பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாமாம். வேகம் வேண்டியதுதான். ஆனால் ஃபைல் தூங்கினால் அனுமதி என்பது, வங்கியில் மேனேஜர் லீவு என்றால் கடன் சாங்ஷன் என்பது மாதிரி இருக்கிறது.

அதே விதிகளில் எனக்குப் பிடித்தது இது. குழுவில் குறைந்தது ஏழு பேர்; பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள்; தலைவரும் வெளியாள். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் உறுப்பினர் ஒருவர், மருத்துவமே படிக்காத பொதுஜனம் ஒருவர் கட்டாயம். அந்தப் பொதுஜனம் வராவிட்டால் கோரம் கிடையாது. அந்த நாற்காலியில்தான் அடியேன் உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே என் வேலை சம்மதப் படிவத்தைப் படிப்பது. ஒரு முறை தமிழ்ப் படிவத்தில் "நீங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்று இருந்தது. எனக்கே புரியவில்லை. "சார், ஆளை ஒதுக்கி வைக்கப் போறாங்கன்னு நினைச்சுப்பாங்க" என்றேன். கடைசியில் "எந்த மருந்து என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவாகும், டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது" என்று மாற்றினார்கள். 10 மில்லி ரத்தம் என்பது இரண்டு டீஸ்பூன் ஆயிற்று. எட்டு முறை வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பஸ் காசும் அன்றைய கூலியும் யார் தருவது என்று எழுதவில்லை. அதையும் கேட்டு வாங்கினோம். இன்னொரு படிவத்தில், உடம்புக்கு ஏதாவது செய்தால் இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு எண். ராத்திரி பத்தரை மணிக்கு நானே அடித்துப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னதும், வேறு எண் வரும்வரை அந்த ஆய்வை நிறுத்திவைத்தார் தலைவர். டெல்லி அனுமதி ஏற்கெனவே வந்திருந்த ஆய்வு அது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பெரிய மருந்துக் கம்பெனிகளின் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். உங்கள் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குச் சக மாணவர்களிடம் ரத்த சாம்பிள் எடுத்தாலும், உடல்நலம் பற்றிக் கேள்வித்தாள் கொடுத்தாலும், ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி குழுவிடம் போக வேண்டும். அதுவும் வேலையைத் தொடங்கும் முன்பு. முடித்துவிட்டு வந்து, "சார், ஒரு லெட்டர் மட்டும் குடுங்க" என்றால் எந்தக் குழுவும் தரக் கூடாது.

நண்பர்களே, பல குழுக்களில் இந்தப் பொதுஜன நாற்காலிக்கு ஆள் கிடைப்பதில்லை. நம்மில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், வக்கீல்கள் இருக்கிறார்கள், வீட்டு நிர்வாகத்தில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் சகோதரிகள் இருக்கிறார்கள். நானே எழுதிய மாதிரிப் படிவம் ஒன்றை ஐம்பது நகல் எடுத்து வந்திருக்கிறேன். சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குத் தமிழ்த்துறை அறைக்கு வாருங்கள். புரியாத சொல்லின் கீழ் கோடு போட்டுக் கொடுங்கள். பேனா நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.