பண்டிகை நாட்களில் பத்திரமாக இருப்போம்

(விக்ரோலியில் நடந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நவராத்திரி தொடங்கி தீபாவளி வரை நம் அகங்களில் ஆள் நடமாட்டம் அதிகம். லாக்கரில் இருந்த நகைகள் வீட்டுக்கு வருகின்றன. பள்ளிக்கூடம் தீபாவளி விடுமுறை விட்டதும் பலர் குர்லா டெர்மினஸில் ரயிலேறி ஊருக்குப் போய்விடுகிறோம். வீட்டில் தங்கம் இருக்கும் சமயமும் ஆள் இல்லாத சமயமும் ஒன்றாக வருகின்றன. திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

விக்ரோலியும் மாறி வருகிறது. கன்னம்வார் நகரின் பழைய ஹௌசிங் போர்டு பில்டிங்குகளில் யார் படியேறினாலும் நாலு பேர் பார்ப்பார்கள். அவை பல இடங்களில் இடிக்கப்பட்டு, லிஃப்ட் வைத்த உயரமான கட்டடங்கள் எழும்புகின்றன. வாட்ச்மேன் உண்டு, கேமரா உண்டு. எதிர் ஃப்ளாட்டுக்காரர் பெயர்தான் தெரியாது. கேமரா நடந்ததைக் காட்டும். நடக்காமல் தடுப்பது பக்கத்து வீட்டுக் கண்தான்.

ஆகவே ஊருக்குக் கிளம்புமுன் நம்பிக்கையான ஒரு வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வாட்ஸ்அப்பில் ரயில் பெட்டியிலிருந்து படம் போட்டு ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். திரும்பி வந்து போடலாம். பால், பேப்பரை நிறுத்துங்கள். நகைகளை லாக்கருக்கே திருப்புங்கள். வங்கியில் தீ, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் போனால், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2022 ஜனவரி முதல் விதி வைத்திருக்கிறது.

அடுத்தது தெரு. காலையில் கோவிலுக்குப் போகும் மாமியிடம், "நாங்கள் போலீஸ், முன்னால் கலாட்டா, நகையைக் கழற்றிப் பேப்பரில் மடித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். வீட்டில் பிரித்தால் உள்ளே கூழாங்கல்! நிஜப் போலீஸ் யாரும் தெருவில் நகையைக் கழற்றச் சொல்வதில்லை. வீட்டு வாசலில் நகைக்குப் பாலிஷ் போடுகிறேன் என்பவனுக்கும் கதவைத் திறக்க வேண்டாம். சங்கிலிப் பறிப்பு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. ரயிலிலோ வேற்றூரிலோ பறிகொடுத்தாலும், "எங்கள் எல்லை இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் புகாரை மறுக்க முடியாது. ரயிலில் உதவிக்கு 139, மற்ற இடங்களில் 112.

மூன்றாவது, போன். "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று யூனிஃபார்ம் போட்டவன் வீடியோவில் மிரட்டுவான். இதைப் பற்றி 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் எச்சரித்தார். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனைக் கீழே வைத்துவிடுங்கள்.

இவன் போடும் முதல் நிபந்தனையைக் கவனியுங்கள்: "யாரிடமும் சொல்லாதே." தெருவில் நிறுத்துபவனும் நாம் தனியாக இருக்கும் சமயம் பார்த்துத்தான் வருகிறான். நாம் தனியாக இருப்பதுதான் அவர்களுடைய முதலீடு. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவன் வித்தை அங்கேயே முடிந்தது.

பணம் போய்விட்டாலும் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நம்மவர்கள் பலர், "இவ்வளவு படித்தும் ஏமாந்தாயா என்று பிள்ளை கேட்பானே" என்று மறைக்கிறார்கள். அந்த வெட்கம்தான் திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம்: அப்பா அம்மா சொன்னால் முதலில் கோபிக்காதீர்கள். ஒரு தடவை திட்டு வாங்கியவர்கள் மறுதடவை சொல்லமாட்டார்கள்.

எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் பில்டிங்கில் தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பண்டிகை முடியும் வரை தினம் சாயங்காலம் ஒருவர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி விசாரியுங்கள். சுண்டல் கொடுக்கப் போகிற சாக்கே போதும்.