லைம்ஹவுஸ் விடுதியும் அதை நடத்தியவர்களும்



லண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் லைம்ஹவுஸ் இருக்கிறது. அங்கே நாரோ ஸ்ட்ரீட்டில் 76-ம் எண் வீடுதான் 'தி கிரேப்ஸ்' மதுவிடுதி. தெருப்பக்கம் ஒடுங்கிய வாசல். பின்பக்கம் ஆற்றின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தளம். 1583 முதலே இந்த இடத்தில் மதுக்கடை உண்டு என்று விடுதியார் சொல்கிறார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1720-களில் எழுந்தது.

ஆனால் கட்டடத்தின் வயதைச் சொன்னால் விடுதியின் வரலாற்றைச் சொன்னதாகிவிடுமா? ஆகாது. இங்கிலாந்தில் 1552-ல் ஒரு சட்டம் வந்தது. மதுக்கடை நடத்துகிறவர் உள்ளூர் நீதிபதிகள் இருவரிடம் உரிமம் வாங்க வேண்டும். கடையில் ஒழுங்கு கெடாது என்று பிணையும் எழுதித்தர வேண்டும். அடிதடி நடந்தால் நீதிபதி முன் போய் நிற்க வேண்டியவர் விடுதிக்காரர்தான். அவருடைய குணம்தான் கடையின் குணம்!

இதைச் சார்லஸ் டிக்கன்ஸ் அளவுக்குப் புரிந்துகொண்ட எழுத்தாளர் வேறு யார்? அவருடைய ஞானத்தந்தை கிறிஸ்டோபர் ஹஃபம் லைம்ஹவுஸில் வசித்தவர்; கப்பல் சாமான் வியாபாரி. அவர் வீட்டுக்கு வந்துபோன சிறுவன், பின்னாளில் 1864, 65 ஆண்டுகளில் 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' நாவலை மாதத் தொடராக எழுதினான். அதில் வரும் 'சிக்ஸ் ஜாலி ஃபெலோஷிப் போர்ட்டர்ஸ்' விடுதிக்கு முன்மாதிரி இந்த கிரேப்ஸ்தான் என்று பரவலாகக் கருதப்படுகிறது.

அந்த விடுதியின் எஜமானி அபி பாட்டர்சன் அம்மாளைப் பாருங்கள். சுமைகூலிகளும் படகோட்டிகளும் நிறைந்த கடை. இரவு பத்து மணி அடித்ததும் அந்த அம்மாள் கதவருகே வந்து நிற்பார். "நீ புறப்படு, உன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்கிற தோரணையில் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்புவார். முரடர்கள் முணுமுணுக்காமல் எழுந்து போவார்கள். ஆற்றில் பிணம் தேடிப் பிழைப்பவர்கள்மீது சந்தேகம் எழுந்ததும், ரைடர்ஹுட் என்பவனுக்கு வாசலைக் காட்டிவிடுகிறார். இன்னொருவரான ஹெக்சமுக்கும் இனி அங்கே இடமில்லை. அதே இரவில் ஹெக்சமின் மகள் லிஸியைக் கூப்பிட்டு, அப்பனை விட்டு விலகி வந்துவிடு என்று பரிவோடு கெஞ்சுகிறார். கண்டிப்பும் கருணையும் ஒரே மனுஷியிடம்! விடுதி நடத்துவதை இத்தனை மரியாதையோடு எழுதிய பக்கங்கள் குறைவு.

குடித்து மயங்கியவர்களைப் படகில் கொண்டுபோய் மூழ்கடித்து, உடலை அறுவை வகுப்புக்கு விற்றார்கள் என்று நாரோ ஸ்ட்ரீட்டைப் பற்றி ஒரு கதையும் உலவுகிறது. உண்மையோ பொய்யோ, 1832-ல் உடற்கூறியல் சட்டம் வரும்வரை லண்டனில் பிணத்துக்கு விலை இருந்தது. அப்படிப்பட்ட கரையில் நேர்மையான விடுதிக்காரர் கிடைப்பது உயிர்ப்பிரச்சினை.

1802-ல் மேற்கிந்தியத் துறைமுகமும் 1820-ல் ரீஜென்ட் கால்வாய்த் துறையும் திறந்தபின், உலகத்தின் மாலுமிகளெல்லாம் இங்கே இறங்கினார்கள். லஸ்கர்கள் என்றழைக்கப்பட்ட நம் நாட்டு மாலுமிகளும் அவர்களில் உண்டு. தெருவில் கிடந்து மடிந்த அவர்களுக்காக 1857-ல் லைம்ஹவுஸில் ஒரு தங்குமில்லம் திறந்தார்கள். மகாராஜா துலீப் சிங் அதற்கு 500 பவுண்டு கொடுத்தார். இதையும் நினைவுகூர வேண்டும்.

பிறகு பெட்டகக் கப்பல்கள் வந்தன. லைம்ஹவுஸின் துறைகள் ஒவ்வொன்றாக மூடின. 1980-ல் மேற்கிந்தியத் துறைமுகமும் ஓய்ந்தது. சுமைகூலிகளே இல்லாத ஊரில் சுமைகூலிகளின் கடை என்ன ஆகும்? 2011-ல் நடிகர் இயன் மெக்கல்லன், இயக்குநர் ஷான் மத்தியாஸ், பத்திரிகை அதிபர் எவ்ஜெனி லெபெதெவ் மூவரும் சேர்ந்து கிரேப்ஸை வாங்கினார்கள். திரையில் மெக்கல்லன் ஏந்திய, காண்டால்ஃப் என்னும் மந்திரவாதியின் கோல் இன்று அந்தக் கடையில் இருக்கிறது. கிரேப்ஸை மதுவிடுதியாகவே தொடர்ந்து நடத்துகிறார்களே, அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

அபி அம்மாளைச் சந்திக்க விரும்புகிறவர்கள் நாவலின் முதல் பாகத்தில் 6-ம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள்.