மறதி வருத்தமும் சீன மூலிகையும்

(கிளென் வேவர்லியில் நடந்த மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சில வருடங்களுக்கு முன் எங்கட அம்மா பின்னேரமானால் "படலை திறந்து கிடக்கு, வா வீட்டை போவம்" என்று அந்தரப்படத் தொடங்கினா. கிளென் வேவர்லியில் எங்கட வீட்டுக்குப் படலையே இல்லை. சனம் என்ன கதைக்குமோ என்று நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரிந்த ஒருவர் சீன மூலிகை என்று ஜிங்கோ குளிசை தந்தார். குடுத்தேன். அம்மா இரத்தம் உறையாமல் இருக்க வோர்ஃபரின் எடுக்கிறவ. ஒருநாள் முரசால் இரத்தம் வந்தது. "வேறு ஏதும் குடுக்கிறீங்களா?" என்று டொக்டர் கேட்டபோதுதான் போத்தலைக் காட்டினேன். இரண்டும் சேர்ந்தால் இரத்தப்போக்கு வரலாம் என்றார். உடனே நிறுத்தினோம்.

மூலிகையை நான் பழிக்க வரவில்லை. வல்லாரை சாப்பிட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். டிமென்சியாவுக்கு இன்று டொக்டர்மார் எழுதும் கலன்ரமின் என்ற மருந்தும் முதலில் ஒரு பூஞ்செடியின் கிழங்கிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஆனால் அது அளவு தெரிந்து, சோதித்துப் பார்த்த மருந்து. அதுகூட வருத்தத்தை மாற்றாது. சிலருக்குக் கொஞ்சக் காலம் உதவும்.

ஜிங்கோவையும் சோதித்தார்கள். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் ஒரு பகுதியினருக்கு ஜிங்கோவும் மற்றவர்களுக்கு வெறும் குளிசையும் குடுத்துப் பல வருடம் பார்த்தார்கள். அது டிமென்சியா வருவதைத் தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. சிட்னியில் மேற்கு சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜின்செங், ஜிங்கோ, குங்குமப்பூ மூன்றும் சேர்ந்த 'சைலுவோதொங்' என்ற சீன மருந்தை, மூளையின் இரத்தக்குழாய் பாதிப்பால் வரும் டிமென்சியாவுக்கு ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் ஆராய்ச்சி நடக்கிறது என்பதும் வருத்தம் மாறும் என்பதும் ஒன்றல்ல.

கடைப் போத்தலில் 'ஓஸ்ற் எல்' என்று இலக்கத்தோடு இருந்தால் அரசாங்கப் பட்டியலில் அது இருக்கிறது என்றுதான் அர்த்தம்; வேலை செய்யுமா என்று முன்கூட்டியே சோதித்தது என்றல்ல. சீன வைத்தியரிடம் போவதென்றால் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். விக்டோரியாவில் இதற்கு 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2012 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு.

எல்லாவற்றுக்கும் முதல் டொக்டரிடம் காட்டுங்கள். தைரொயிட் கோளாறு, பி12 குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும்; அவற்றுக்கு வைத்தியம் உண்டு. போகும்போது வீட்டிலுள்ள குளிசை, எண்ணெய், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். இங்கிலிஷ் கஷ்டமென்றால் 131 450 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். டிமென்சியா உதவி இலக்கம் 1800 100 500.

அம்மா இப்பவும் படலையைத் தேடுறா. "பூட்டிப்போட்டன் அம்மா" என்று கையைப் பிடிப்பேன். அமைதியாகிடுவா. மறதி வருத்தம் வெட்கப்படுகிற விஷயம் இல்லை, மறைக்கிறதுதான் ஆபத்து.