ஆட்டைக் கொடுத்ததோடு கடமை முடியவில்லை

(கால்நடை உதவி பெற்ற பயனாளிகள் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற ஆண்டு இதே புரட்டாசியில், கணவரை இழந்த சகோதரிகளுக்கு ஜகாத் நிதியிலிருந்து சினை ஆடுகள் வழங்கினோம். துஆ செய்து, கயிற்றைக் கையில் கொடுத்து அனுப்பினோம். கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

கார்த்திகை அடைமழையில் ஒரு சகோதரியின் ஆடு இரண்டு குட்டி ஈன்றது. ஒழுகும் கூரை, ஈர மண். விடியும்போது இரண்டும் விறைத்துக் கிடந்தன. அடுத்த வாரமே தாயாட்டை அவர் விற்றுவிட்டார். சிலர் அவரைக் குறை சொன்னார்கள். அது சரியல்ல. ஜகாத்தாகக் கொடுத்த ஆடு, கொடுத்த நிமிடமே அவருடைய சொத்து. விற்க அவருக்கு உரிமை உண்டு. தவறு நம்முடையது. ஆடு நிற்கக் காய்ந்த இடம் இருக்கிறதா என்று நாம் கேட்கவில்லை.

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆனி, ஆடியில் கிடாயோடு சேர்ந்தது கார்த்திகை, மார்கழியில் குட்டி போடும். இது கெட்ட காலமல்ல. மழைக்குப்பின் தழையும் புல்லும் கிடைக்கும்; தாய்க்குப் பால் ஊறும். குட்டிகளைக் கொல்வது ஈரமும் குளிர்காற்றும் நமது கவனக்குறைவும்தான்.

எனவே இந்த ஆண்டு, இன்ஷா அல்லாஹ், சதகா நிதியிலிருந்து ஒவ்வொரு பயனாளி வீட்டிலும் பனைமட்டையோ மரச்சட்டமோ கொண்டு சிறு பரண் அமைத்துத் தருகிறோம். சட்டங்களின் இடைவெளியில் புழுக்கை விழ வேண்டும். குட்டியின் கால் சிக்கக் கூடாது. காற்றடிக்கும் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள்.

மழை வலுக்கும் முன் கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்குத் தடுப்பூசி கேளுங்கள். குடற்புழு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சினை ஆட்டுக்கு ஆகாத மருந்தும் உண்டு. மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள்.

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துடையுங்கள். தாய் நக்கட்டும், நீங்களும் காய்ந்த துணியால் உடம்பைத் துவட்டுங்கள். கொதிநீரில் போட்டெடுத்த பிளேடால் தொப்புள்கொடியை அறுத்து, டிங்சர் அயோடின் தடவுங்கள். மடிக்காம்பை ஒருமுறை பீச்சி அடைப்பை நீக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க விடுங்கள். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது போக வேண்டும். நான்கைந்து தடவையாகப் போகட்டும். நோயைத் தாங்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. சீம்பால் ஆகாது என்று பீச்சிக் கீழே ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

குட்டி துவண்டு கிடந்தால் அதன் வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உடனே பால் புகட்டாதீர்கள், புரையேறிவிடும். முதலில் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துச் சூடேற்றுங்கள். பிறகு பால்.

காலைப் பனி காய்ந்த பிறகே ஆடுகளை மேய்ச்சலுக்கு விடுங்கள். பிறந்த கிடாக்குட்டியை வளர்த்துத் தாயோடும் தங்கைகளோடும் சேர விடாதீர்கள், வம்சம் நலிந்துவிடும். இனவிருத்திக்கு வெளியூர்க் கிடாய் ஒன்றை வாங்கி வைப்பது அறக்கட்டளையின் பொறுப்பு.

ஆடு மேய்ப்பது தாழ்ந்த தொழில் என்று யாரும் கூச வேண்டாம். நபிமார்கள் அனைவரும் ஆடு மேய்த்தவர்களே. நமது நாயகம் (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள். பலவீனமான ஓர் உயிரைக் காப்பவருக்குப் பொறுமை தானாக வரும்.

மழை இரவில் ஆட்டுக்கு வலி கண்டால், நேரம் பார்க்காமல் நம்மைக் கூப்பிடுங்கள். ஊர் தூங்குகிறதே என்று தயங்க வேண்டாம்.

மேய்ந்து வளரும் ஆடுகள் 40 சேர்ந்து ஓராண்டு நிறைந்தால், அதில் ஓர் ஆடு ஜகாத். இன்று கயிற்றை வாங்கிய கைகள் ஒருநாள் அந்த ஓர் ஆட்டைக் கொடுக்கும் கைகளாக வேண்டும். அல்லாஹ் அந்த பரக்கத்தைத் தருவானாக. ஆமீன்.