வெடிமருந்து உடைமை நிரூபிக்கப்படுவது எப்படி?

(அச்சங்குளத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாளை இவ்வூர் மறக்க இயலாது. அன்று இங்கே பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடி விபத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்த செய்தி பின்னர் வெளிப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அத்துயரை மனத்திற்கொண்டு, சட்ட விஷயம் ஒன்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

மழை பொய்த்த ஆண்டில், நிலத்திலுள்ள கொட்டகையை வாடகைக்குக் கேட்டுச் சிலர் வருவதுண்டு. உரிமமின்றி அங்கே கருந்திரி தயாரிப்பர். போலீசார் வந்து கைப்பற்றும்போது, "இடம் மட்டுமே என்னுடையது, மருந்து என்னுடையதன்று" என்பார் நிலத்துக்காரர். இச்சொல் நீதிமன்றத்தில் நிற்குமா?

1908-ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டம், 5-ஆம் பிரிவில், வெடிபொருளை அறிந்தே தம்மிடமோ தம் ஆளுகையிலோ வைத்திருப்பதைக் கூறுகிறது. ஆகவே அறிவு, ஆளுகை ஆகிய இரண்டும் பார்க்கப்படும். பொருள் கையில் இருக்கவேண்டும் என்பதில்லை. பிறரிடம் இருப்பினும் அதன்மேல் அதிகாரம் இருந்தால் அதுவும் உடைமையே என்பது 1972-இல் குன்வந்த்லால் என்பாரின் துப்பாக்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கொண்ட கருத்து. அறிந்து வைத்திருப்பதே உடைமை என்று 1994-இல் சஞ்சய் தத் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆகவே, உமது வைக்கோற்போரில் எவரோ உமக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த பொருளுக்கு நீர் குற்றவாளி ஆகமாட்டீர். ஆனால் மனத்தில் உள்ள அறிவை எவர் காண்பார்? சூழ்நிலைகளே அதனைக் காட்டும். கொட்டகைச் சாவி யாரிடம் இருந்தது? மாட்டுக் கொட்டகைக்குரிய வாடகைதானா, அதனினும் பன்மடங்கா? நிலத்துக்காரர் நாள்தோறும் அங்கே வந்து போனாரா? இவற்றிற்கு வரும் விடைகளே வழக்கைத் தீர்மானிக்கும்.

முதலில் நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. சட்டவிரோத நோக்கம் என ஐயுறத்தக்க சூழ்நிலை நிறுவப்பட்டுவிட்டால், நேரிய நோக்கத்திற்கே வைத்திருந்ததாகக் காட்டுவது எதிரியின் பொறுப்பாகிறது. தவறினால் பத்தாண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. இடத்தைச் சோதனையிடும்போது, அவ்வட்டாரத்து மதிப்புடையோர் இருவரையேனும் சாட்சிகளாக வைத்துக்கொள்ளவேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின்படி, சோதனையும் கைப்பற்றலும் படக்கருவியில் பதிவு செய்யப்படவும் வேண்டும். ஆகவே, அழைத்தால் தயங்காது செல்லுங்கள். எந்த மூலையில், எந்தப் பூட்டினுள், எவ்வளவு இருந்தது என்பதைக் கண்ணாரக் காணுங்கள். மகஜரைப் படித்த பின்னரே கையெழுத்திடுங்கள். காணாததற்கு இடும் கையெழுத்தால் குற்றவாளி தப்பவும் கூடும்; நிரபராதி சிறை செல்லவும் கூடும்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை: கொட்டகையைக் கேட்டு வருபவரிடம், உரிமம் யார் பெயருக்கு, எந்த இடத்திற்கு என்று கேளுங்கள். உரிமம் கைமாறி வரும் சரக்கன்று. ஐயம் தோன்றினால் அன்றே கிராம நிர்வாக அலுவலரிடமும் போலீசாரிடமும் அறிவியுங்கள். பின்னாளில் கோர்ட்டில், 'எனக்குத் தெரியாது' என்னும் சொல்லினும், 'தெரிந்தவுடன் அறிவித்தேன்' என்னும் சொல்லே வலிவுடையது. அக்கொட்டகையில் வேலைக்கு வருவோரும் நம் ஊர்ப் பெண்களே என்பதை மறவாதிருப்போமாக.