விமான நிலையத்தின் சுகாதார அறை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நீரிழிவு பற்றிப் பேசும்படிதான் சங்கத்தார் கேட்டார்கள். அதை இன்னொரு நாள் பேசலாம். நம்மில் பலர் கல்யாணம் முடித்து, மனைவி விசாவில் வெளிநாடு போனவர்கள். அந்த முதல் நாளைப் பற்றி இன்று சொல்கிறோம்.

நம் அப்பாயிமார், அம்மாயிமார் காலத்துப் பயணம் வேறு. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பதுளைத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஒப்பாரிக் கோச்சியில் தலைமன்னாருக்குப் போயின. போவதா இருப்பதா என்று பல பெண்களிடம் யாரும் கேட்டதில்லை. கணவனின் பெயர் எந்தப் பட்டியலில் இருந்ததோ அந்தக் கரைதான் அவர்களுக்கும்.

நாங்கள் விரும்பித்தான் போனோம். நமுனுகுலையிலிருந்து பதுளைக்கு பஸ், பதுளையில் இரவுக் கோச்சி, பிறகு கட்டுநாயக்க. 2008இல் ஹீத்ரோவில் இறங்கியபோது கைப்பையில் கல்யாணப் பதிவுச் சான்றிதழும், கொழும்பில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே படமும் இருந்தன. பெரிய கவர், பைக்குள் அடங்காது. கவுண்டரில் இருந்தவர் தொழிலைக் கேட்டார். "வைத்தியர்" என்றோம். விசாவில் இருந்ததோ "மனைவி" மட்டும். காசநோய்ப் பரிசோதனைக்காக சுகாதார அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த தாதி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சிரித்தார், போகலாம் என்றார். ஐந்து நிமிடம்தான். ஆனால் ஏன் அனுப்பினார்கள், மறுத்தால் என்ன ஆகும் என்று நாங்கள் வாய் திறந்து கேட்கவில்லை. வைத்தியம் படித்த நாங்களே கேட்கவில்லை.

அதே விமான நிலையத்தில் 1979 ஜனவரி 24 அன்று நடந்ததைப் பல வருடம் கழித்துத்தான் படித்தோம். இந்தியாவிலிருந்து 35 வயது ஆசிரியை ஒருவர் கல்யாணம் முடிக்க வந்து இறங்கினார். மணப்பெண்ணாக வருபவருக்கு முன்கூட்டியே அனுமதி தேவையில்லை, மனைவியாக வருபவர் காத்திருந்து அனுமதி பெற்றே வர வேண்டும் என்பது அன்றைய விதி. இவர் ஏற்கெனவே கல்யாணமானவரோ என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். அதைத் தீர்க்க, ஓர் ஆண் வைத்தியரைக் கொண்டு அவருக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். மறுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அந்த ஆசிரியை பயந்திருந்தார்.

பிப்ரவரி 1 அன்று கார்டியன் பத்திரிகை இதை வெளியிட்டதும் பெரும் எதிர்ப்பு எழுந்து அந்த நடைமுறை நின்றது. ஆனால் அவர் ஒருவர் மட்டுமல்ல. எழுபதுகளில் குறைந்தது 80 பெண்களாவது இப்படிச் சோதிக்கப்பட்டதைப் பழைய அரசாங்கக் கோப்புகளிலிருந்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 2011இல் வெளிக்கொண்டு வந்தார்கள்.

எங்களை உறுத்துவது அதிகாரிகள் அல்ல, அந்த அறையில் கையுறை போட்டவர். அவரும் எங்களைப் போல ஒரு வைத்தியர்தான். அந்தப் பரிசோதனையால் எதையும் நிரூபிக்க முடியாது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் அப்படியே சொல்லி, எங்கும் தடை செய்யக் கேட்டது. பிரித்தானியாவில் 2022இல்தான் அது குற்றமாயிற்று. ஊரில் மாப்பிள்ளை வீட்டார் சிலர் இதே "சர்டிபிகேட்"டை எங்களிடம் கேட்டதுண்டு. கொடுக்க மாட்டோம். கேட்டால் தயவுசெய்து நீங்களும் போகாதீர்கள்.

காசநோய் எக்ஸ்ரே வேறு விஷயம். அது உங்கள் நுரையீரலுக்கு நல்லது, ஒளிக்க ஒன்றுமில்லை. என்ன பரிசோதனை, எதற்கு என்று கேளுங்கள். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

இன்னொன்று. கடவுச்சீட்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும். "பத்திரமாக வைக்கிறேன்" என்று மாமியார் வாங்கிவைத்த பிள்ளைகளை நாங்கள் சிகிச்சை அறையில் சந்தித்திருக்கிறோம். பிரித்தானியாவில் நிரந்தர வதிவிடம் கேட்க ஐந்து வருடம் கணவரோடு இருக்க வேண்டும், அதனால் அடியையும் பொறுக்கவேண்டும் என்று நினைத்திருந்தார்கள். அது தவறு. கணவர் வன்முறை செய்தால், விலகி வந்த மனைவி ஐந்து வருடம் முடியாமலேயே நிரந்தர வதிவிடம் கேட்க அந்நாட்டு விதியில் இடமுண்டு. அவரது கையெழுத்து தேவையில்லை.

போன மாதம் ஒரு தங்கச்சி கோட்டை ஸ்டேஷனிலிருந்து போன் எடுத்தாள். "அக்கா, எக்ஸ்ரே படத்தையும் கொண்டு போகணுமா?" இப்போது பரிசோதனையெல்லாம் போகுமுன்பே கொழும்பில் முடிந்துவிடுகிறது, படம் வேண்டாம், சான்றிதழின் பிரதியைக் கைப்பையில் வை என்றோம். "பாஸ்போர்ட் யாரிடம்?" என்று கேட்டோம். "என்கிட்டத்தான் அக்கா" என்றாள்.